என் நெஞ்சுப் படத்தைப் படித்தவர்கள்

எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் அதைப் படிப்பது என்கிறார்கள். "உங்க படத்த இன்னும் படிக்கலம்மா, உக்காருங்க" என்பார் நர்ஸ். பத்தாவது வரை படித்தவள் நான். அவசரத்தில் படித்தால் வரி தாவிப்போகும் என்பது எனக்குத் தெரியும். டாக்டர்களுக்கும் அப்படி ஆகும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். எனக்கு ஆனதைப் பற்றி ஊரில் பாதிக் கதைதான் உலவுகிறது. மீதிப் பாதியை நானே எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிக்குப் போகாத பெண்பிள்ளை உள்ள தெரு குறைவு. நான் இருந்தது மணிப் பிரிவு. மின்சார அடுப்புக்குள் கம்பியைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் கோத்திருக்குமே, அந்த மணி. மிளகைவிடப் பெரிசு, பட்டாணியைவிடச் சிறிசு, நடுவில் ஓட்டை. சூளையிலிருந்து இறங்கியதும் பொறுக்கி, விரிசல் விட்டதைத் தள்ளிவிட்டு, நல்லதைக் கம்பியில் கோத்துக் கட்டு கட்ட வேண்டும். இரண்டு கையும் கம்பியில் மாட்டிக்கொள்ளும். அதனால் பூக்காரி நாரைப் பல்லில் கடித்துக்கொள்கிற மாதிரி, நாங்கள் அடுத்துக் கோக்க வேண்டிய மணிகளைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்வோம். நாக்கால் ஒன்றைத் தள்ளி உதட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து விரலுக்கு. வாயில் மணியோடேயே பேசுவோம், சிரிப்போம், சண்டையும் போடுவோம்.

எங்கள் முதுகுக்குப் பின்னால் சூளைக்குப் போகாத பச்சைச் சாமான்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். சட்டென்று திரும்பினால் ஜடை பட்டு நாலு கீழே விழும், சூப்பர்வைசர் வாயிலிருந்து வார்த்தையும் விழும். ஆகவே எல்லோருமே பின்னலை வலது தோள்மேல் முன்னால் போட்டு நுனியை இடுப்பில் செருகிக்கொள்வோம். எனக்கு முடி அடர்த்தி. தாம்புக்கயிறு மாதிரி இருக்கிறது என்று கஸ்தூரி கண் வைப்பாள். கஸ்தூரி எனக்குப் பக்கத்துப் பலகைக்காரி, வாய்த்துடுக்கில் எனக்கு ஒரு படி மேல்.

ஆடி மாதம் இருமல் பிடித்தது. மண்தூசியில் வேலை செய்கிறவர்களுக்கு இருமல் ஒரு விஷயமா? பனங்கற்கண்டு, மிளகு, சுக்கு என்று ஓட்டினேன். பிறகு சாயங்காலம் ஆனால் உடம்பு கதகதவென்று காயத் தொடங்கியது. இடது பக்க முதுகில் ஒரு வலி. சேலை தொளதொளவென்று ஆனபோதுதான் என் வீட்டுக்காரர் கவனித்தார். அவர் பெயர் தணிகாசலம், லோடு லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான் குடித்தனம்.

அந்த நேரத்தில் எங்கள் ஒரே மகள் சுதா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வேப்பூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். ஹைவே ஓரம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற குடும்பம். வளைகாப்பு முடித்து, கை நிறைய வளையலோடு அவளை அழைத்து வந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதினால் வெட்கமாக இருக்கும். முதல் பிள்ளையை அம்மா வீட்டில் பெற்று, அந்தப் பிள்ளையை முதலில் கையில் வாங்குகிறவள் நானாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த இருமலோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

உள்ளூர் டாக்டர் சளியைப் பரிசோதிக்க அனுப்பினார். கிருமி இல்லை என்று வந்தது. மறுபடி அனுப்பினார், அப்போதும் இல்லை. "எதுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்றார். டாக்டருக்குப் படிக்கிறவர்கள் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி, பஸ் ஏறிப் போக வேண்டும். ஒரு சனிக்கிழமை போனோம்.

எக்ஸ்ரே அறை வாசலில் திருவிழாக் கூட்டம். தாலிச் செயினைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். பச்சை அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள், முன்பின் தெரியாமல் மாட்டிக்கொண்டேன். படம் எடுக்கிற தம்பி பாவம், காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவர். "நெஞ்ச பலகையில ஒட்டும்மா, மூச்ச இழுத்துப் புடி, விடு, அடுத்து யாரு?" அவ்வளவுதான். என் பின்னல் பழக்கதோஷத்தில் வலது தோள்மேல் முன்பக்கம், அங்கிக்குள்ளே கிடந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. எனக்கோ அது ஒரு செய்தியாகவே தோன்றவில்லை.

அந்த மாதிரி ஆஸ்பத்திரியில் படங்களை முதலில் படிக்கிறவர்கள், ஸ்கேன் படிப்புக்காகச் சேர்ந்திருக்கும் இளம் டாக்டர்கள். எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள்தான், ஆனால் இந்தப் படிப்பு இன்னும் முடியாதவர்கள். அவர்கள் எழுதியதைப் பெரிய டாக்டர் பிறகு சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். சனிக்கிழமைப் படங்கள் திங்கள்வரை காத்திருக்கும், நோயாளிக்கு மருந்து அதுவரை காத்திருக்காது. அந்தத் திங்கட்கிழமை பெரிய டாக்டர் வெளியூர் போய்விட்டார். என் படம் கட்டோடு கட்டாகக் கிடந்துவிட்டது. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு நிழல் இருக்கிறது. சளியில் கிருமி தெரியாவிட்டாலும் டி.பி. ஆகத்தான் இருக்க வேண்டும்.

டி.பி. வார்டு ஆஸ்பத்திரியின் கடைக்கோடியில், சமையல்கூடத்துக்கும் பின்னால் இருந்தது. எனக்குக் கிடைத்தது ஜன்னலோரக் கட்டில். மாத்திரை விழுங்கினால் வயிறு புரட்டும். சிறுநீர் செம்மண் கரைத்த மாதிரி போகும். முதல்முறை பார்த்து அலறிவிட்டேன். "மாத்தரையோட கலரும்மா அது, பயப்படாத" என்று நர்ஸ் வாசலிலிருந்தே சொன்னார். எல்லோருமே வாசலிலிருந்துதான் சொன்னார்கள். ஊசி போட வந்தவர்கூட என் கையைக் கடன்காரன் கையைப் பிடிப்பதுபோல் பிடித்துவிட்டுப் போனார்.

சேதி எங்கள் தெருவுக்கு எப்படிப் போனது என்று தெரியவில்லை, எனக்கு முன்னால் போய்விட்டது. ஒருநாள் என் வீட்டுக்காரர் வந்து, கட்டிலுக்குக் கீழே இருந்த பையை எடுத்து, திரும்ப வைத்து, மறுபடி எடுத்தார்.

"என்னாங்க?"

"சம்பந்தியம்மா வந்தாங்க ராணி. சுதாவ வேப்பூருக்கே கூட்டிக்கினு போயிட்டாங்க."

"நீங்க வாணாம்னு சொல்லலியா?"

"என்னான்னு சொல்றது? 'கொழந்தைக்கு ஒட்டிக்கிச்சின்னா யாரு பதில் சொல்றது'ன்னு கேக்கறாங்க. நியாயமாத்தான் இருக்குது."

நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் வலித்தது. திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தாலாவது தேவலை.

கஸ்தூரி ஒரே ஒரு முறை வந்தாள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே நின்று, இரண்டு கொய்யாப்பழத்தைத் திண்டில் வைத்தாள். என்னோடு ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவள். "நாங்கல்லாம் டெஸ்ட்டு எடுத்துக்கணுமாம், சூப்பர்வைசர் சொல்லிட்டாரு" என்றாள். பிறகு இருவரும் கொய்யாப்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் போன பிறகு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அழுதேன். அழுதால் இருமல் வந்துவிடும், இருமினால் அடுத்த கட்டில்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அங்கே அழுவதைக்கூட அளவாகத்தான் அழ வேண்டியிருந்தது.

பகலைத் தள்ளுவதற்காக, என் பழைய நீலச் சேலையைக் கொண்டுவரச் சொல்லி, கிழித்து, ஓரம் மடித்து, குழந்தைக்குத் துணி தைத்தேன். துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆகியிருந்த சேலை. எல்லாம் தைத்து அடுக்கிய பிறகுதான் புத்தியில் பட்டது, டி.பி. வார்டில் தைத்த துணியை யார் பிள்ளைக்குச் சுற்றுவார்கள்? தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். அடுத்த தடவை வந்தபோது என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது அவர் பையில் அது இருந்ததை நானும் கேட்கவில்லை.

சுதாவுக்குப் பையன் பிறந்தது ஒரு புதன்கிழமை. அவர் லாரியை எங்கேயோ நிறுத்திவிட்டு ஓடிவந்தார். மற்றவர்களைப் போல வாசலில் நிற்காமல் நேரே வந்து, செல்போனை என் காதில் வைத்தார். முதலில் இரைச்சல். அப்புறம் ஒரு சின்ன அழுகை. "கேக்குதாம்மா?" என்று சுதாவின் களைத்த குரல். கேட்கிறது என்று சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. போனைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். அவர் என் டம்ளரில் மிச்சமிருந்த காப்பியை எடுத்து, வார்டே பார்க்க, எச்சில் என்றும் பார்க்காமல் குடித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் எனக்கு வாங்கித் தந்த எதுவும் அந்த ஒரு வாய்க் காப்பிக்கு ஈடாகாது.

மாத்திரைக்குக் காய்ச்சல் அடங்கவில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியோ, இல்லை புற்றோ என்று டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இங்கிலீஷில் பேசினால் நமக்குப் புரியாது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். வட்டமான ஒரு மெஷினுக்குள் படுக்க வைத்து, நெஞ்சைத் துண்டு துண்டாக நறுக்கின மாதிரி படம் எடுப்பது. எக்ஸ்ரேயில் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும், இதில் தனித்தனியாகத் தெரியும். அதற்கு ஆன செலவை அவர் கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் ஒரு டாக்டரம்மா வார்டுக்குள் வந்தார். என் சுதாவைவிட இரண்டு மூன்று வயது மூத்திருப்பார். பெயர் மீரா. கையில் பெரிய உறை. என் கட்டிலுக்கு வந்து முகமூடியைக் கழற்றினார். அந்த வார்டில் ஒரு முழு முகத்தைப் பார்த்து நாளாகியிருந்ததால் எனக்குப் பயமாகிவிட்டது.

"அம்மா, உங்க ஜடைய கொஞ்சம் முன்னால போடுங்க."

போட்டேன்.

"எக்ஸ்ரே எடுத்தப்பவும் இப்பிடித்தான் இருந்துதா?"

"இப்பிடித்தாங்க. எப்பவும் இப்பிடித்தான்."

அவர் பழைய எக்ஸ்ரேயை உறையிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வலது பக்கம் மேலே வெள்ளையாக ஒரு திட்டு. "இது நுரையீரல் நோயா இருந்தா நுரையீரலோட நின்னுடணும். இது பாருங்க, கழுத்துக்கு மேலயும் போவுது. ஸ்கேன்ல அந்த எடம் சுத்தமா இருக்குது. இது நோயே இல்லம்மா. உங்க முடி."

சிரிப்புத்தான் முதலில் வந்தது. எண்ணெயும் கம்பெனித் தூசியும் ஏறிய என் பின்னல் படத்தில் நோயாக நின்றிருக்கிறது. கஸ்தூரி கண் வைத்தது வீண்போகவில்லை. சிரிப்பு நின்றதும் அடுத்தது வந்தது.

"என் முடிக்கா இத்தினி நாளு மாத்தர குடுத்தீங்க?"

"ஆமாங்கம்மா. அன்னிக்கு இத படிச்சது நான்தான்." கண்ணைத் தாழ்த்தாமல் சொன்னார். "இன்னொண்ணும் இருக்குது. அன்னிக்குக் கழுத்துல மணி ஏதாச்சும் போட்டிருந்தீங்களா?"

"தாலியக்கூட கழட்டிக் குடுத்துட்டுத்தான் நின்னேன்."

அவர் விரலை இடது பக்கம் கீழே வைத்தார். இதயத்தின் நிழலுக்குள், நன்றாக உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது, வெள்ளையாகக் குட்டியாக ஒரு குழாய். நடுவில் கறுப்பாக ஓர் ஓட்டை. "இத நான் அன்னிக்கே பாத்தேன். கயித்துல கோத்த மணின்னு நெனச்சு விட்டுட்டேன். ஸ்கேன்ல பாத்தா இது உள்ள இருக்குது, மூச்சுக்குழாயில."

"எங்க கம்பெனி மணிங்க அது" என்றேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆடி மாதத்துக்குச் சற்று முன்னால், கஸ்தூரி சூப்பர்வைசர் நடப்பதுபோல் நடந்து காட்டினாள். நான் வாயில் மணியோடு சிரித்தேன், புரையேறியது, கண் பிதுங்க இருமினேன். அவள் முதுகில் தட்டினாள், தண்ணீர் கொடுத்தாள். "முழுங்கிட்டியா? போவட்டும், நாளைக்கு வெளிய வந்துடும்" என்றாள், எல்லோரும் சிரித்தோம். எங்கள் பிரிவில் மணி விழுங்காத ஆளே கிடையாது. அதை யாரும் ஒரு கணக்கில் வைப்பதில்லை. வயிற்றுக்குப் போனதா, வேறு வழியில் போனதா என்று யார் பார்த்தார்கள்? அதனால்தான் எந்த டாக்டர் எதைக் கேட்டபோதும் எனக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை.

"ஒண்ணக் கண்டுபுடிச்சதும் கண்ணு அதோட திருப்தியாயிடும்மா, அடுத்தத தேடாது. எங்களுக்குச் சொல்லித்தான் தராங்க. இருந்தும் ஆயிடுச்சு" என்றார் அவர்.

அது எனக்குப் புரிந்தது. தட்டில் விரிசல் மணி ஒன்று கிடைத்துவிட்டால் கை ஜெயித்துவிட்ட மாதிரி மெத்தனமாகிவிடும். அடுத்த விரிசல் நழுவிப்போவது அப்போதுதான். புரிந்ததற்காகக் கோபம் போய்விடுமா?

"எம்பொண்ணு தலப்பிரசவம்மா" என்றேன். "எங்கிட்ட இருந்து கூட்டிக்கினு போயிட்டாங்க. கொழந்த பொறந்தத போன்ல கேட்டேன். அத எந்த ஸ்கேன்ல பாத்துத் திருப்பிக் குடுப்பீங்க?"

சமாதானம் சொல்லியிருந்தால் இன்னும் கத்தியிருப்பேன். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார், நோயாளி கட்டிலில் டாக்டர் உட்காரக் கூடாது என்பார்கள். அவர் பேசாமல் இருந்திருந்தால் பழைய தப்பு யாருக்கும் தெரிந்திருக்காது, புது ஸ்கேனில் கண்டுபிடித்த நல்ல பெயர் மட்டும் கிடைத்திருக்கும் என்பது அவர் எழுந்து போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அவர் பெரிய டாக்டரிடமும் போய்த் தானே சொல்லியிருந்தார்.

மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாக விளக்கு வைத்த குழாயை மூச்சுக்குழாய்க்குள் இறக்கி, நுனியில் இருந்த சின்ன இடுக்கியால் மணியை எடுத்தார்கள். கண் விழித்தபோது ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் அது இருந்தது. சளியும் ரத்தமும் கழுவின பிறகு நேற்றுச் சூளையிலிருந்து எடுத்த மாதிரி பளபளப்பு. அந்த ஓட்டை வழியாகக் காற்று போய்வந்ததால்தான் அந்தப் பக்கம் அடியோடு சுருங்காமல் இருந்தது என்று பெரிய டாக்டர் சொன்னார். காய்ச்சல் இறங்கியது. டி.பி. மாத்திரையை நிறுத்தினார்கள். இருமல் மட்டும் கொஞ்ச நாள் இருக்கும், புண் ஆற வேண்டும் என்றார்கள். டி.பி. இல்லை என்று மீரா டாக்டரே தட்டச்சு செய்துகொண்டு வந்து கொடுத்தார். பெரிய டாக்டர் கையெழுத்து அதில் இருந்தது.

வீட்டுக்கு வந்து, தலை முழுகி, மறுநாள் இருவரும் வேப்பூர் பஸ் ஏறினோம். வழி முழுக்க அந்தக் காகிதத்தை மடியில் வைத்திருந்தேன்.

சாப்பாட்டுக் கடைக்குப் பின்கட்டில்தான் அவர்கள் வீடு. சம்பந்தியம்மா "வாங்க சம்பந்தி" என்று சிரித்துத்தான் வரவேற்றார். எனக்கு மட்டும் நாற்காலியை வாசற்படியோரம் தள்ளிப் போட்டிருந்தார்கள். காகிதத்தை நீட்டினேன். "காயிதத்துல என்னாங்க இருக்குது, நீங்க நல்லபடியா வந்தீங்களே, அதுபோதும்" என்று படிக்காமலே திருப்பிக் கொடுத்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஊர் சொன்னது மட்டும் தெரியும். புட்டியைக் காட்டினேன். அதை வாங்கி ஆட்டிப் பார்த்தார். "இதா?" என்றார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை.

சுதா உள்ளேயிருந்து வந்தாள். யாரையும் கேட்கவில்லை. குழந்தையை என் மடியில் வைத்தாள். வெண்ணெய் மாதிரி ஒரு நீலத்துணி சுற்றியிருந்தது. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் ரோட்டில் போகிற லாரியைப் பார்த்தார். "அப்பா கடையில வாங்கினாராம்" என்றாள் சுதா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அந்த நேரம் பார்த்துக் கடைச் சமையல்கட்டில் யாரோ காய்ந்த எண்ணெயில் மிளகாயைக் கொட்டினார்கள். புகை பின்கட்டு முழுக்கப் பரவியது. சுதா இருமினாள். என் வீட்டுக்காரர் இருமினார். சம்பந்தியம்மா "ஏண்டா, ஜன்னலத் தொறந்தா என்னா" என்று கத்திக்கொண்டே இருமினார். நான் மட்டும் இருமவில்லை. தொண்டையில் வந்து நின்றதைப் பல்லைக் கடித்து விழுங்கினேன். மறுபடி வந்தது, மறுபடி விழுங்கினேன். கண்ணில் நீர் கொட்டியது. இருமினால் பிள்ளையை வாங்கிவிடுவார்கள் என்பது தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

சுதா என்னைப் பார்த்துவிட்டாள். "இருமிடும்மா" என்றாள்.

தலையை அப்பால் திருப்பி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினேன். அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. நிமிர்ந்தபோது சம்பந்தியம்மாவின் இரண்டு கையும் குழந்தையை நோக்கி நீண்டிருந்தன. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தக் கைகளால் நீலத்துணியை இழுத்து, புகை படாமல் பிள்ளையின் முகத்தை மூடிவிட்டு, சமையல்கட்டைப் பார்த்துத் திட்டிக்கொண்டே போனார்.

குழந்தை என் மடியிலேயே இருந்தது.